படகுக் கூலி

வெள்ளி இரவுகளில் நாங்கள் ஐந்து பேர்
டாராவின் நிலவறையில் ஒரு ராச்சியத்தைக் காப்பாற்றுகிறோம்.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
படிக்கட்டடியில் எங்கள் சப்பாத்துகள்
உப்புத்தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும்.

கணக்கப்பிள்ளை நான்.
யார் எந்தக் கதவை உடைத்தது,
இருபது முகப் பகடையில் என்ன விழுந்தது,
அரக்கன் எத்தனையாவது அடியில் சாய்ந்தான்,
எல்லாம் எழுதி அடுத்த வெள்ளி வாசிப்பேன்.
பிரதி ஒன்று கல்கரிக்குப் போகும்,
வேலை மாறிப் போன ரொனெலுக்கு.
அவன் தன் மச்சானுக்குக் காட்டுவான்.
மச்சான் யாருக்குக் காட்டுவானோ.

அதனால் சில விஷயங்கள் ஏட்டில் ஏறுவதில்லை.
டாராவின் வீட்டு இலக்கம்,
அவள் பின்கதவைப் பூட்ட மறப்பது,
ரொனெல் விடைபெற்ற இரவு
வெங்காயமே இல்லாத பீட்சாவில் வெங்காயத்தைக் குறை சொல்லிக் கண்ணைத் துடைத்தது.
ஈய டிராகனுக்கு நான் கொடுத்த விலை
(வீட்டில் நாற்பது டொலர் என்றேன்.
பொய்யில்லை. வாலுக்கு அவ்வளவுதான் வரும்).
அம்மாவுக்கு வெள்ளி என்றால் எனக்கு இரவு வேலை.
நாற்பத்துமூன்று வயது மகள்
மந்திரக்கோலும் கையுமாய் நிற்பதை
அவர் தொலைபேசியில் தாங்கமாட்டார்.

பகலில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறேன், ஐந்தைந்தாக.
போத்தலில் ஒட்டும் பெயர்களை
பஸ் ஏறுமுன் மறந்துவிடப் பழகியவள்.
இது எனக்குக் கஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தை மாதத்து ஒரு வெள்ளி
டாரா எங்களைக் கறுப்பு ஆறொன்றின் கரைக்குக் கூட்டிவந்தாள்.
படகோட்டி காசு வாங்கமாட்டான்.
நெடுநாளாய் நீ உச்சரிக்காத ஒரு பெயர்,
அதுதான் கூலி.
அவள் மனதில் ஒரு சூதும் இல்லை.
என் மந்திரக்காரி ஏதோ ஒரு ராணியைச் சொன்னாள்.
வில்லாளி தன் செத்த குதிரையை. சிரித்தோம்.
பிறகு குகதாசனின் முறை.
மூன்று வருஷமாய் எங்கள் காயங்களைக் கட்டுகிறவன்,
பகலில் லொறி ஓட்டுகிறவன்.
ஒரு பெயர் சொன்னான்.
ராச்சியத்துப் பெயர் இல்லை.
எங்கள் பக்கத்தில் பொடியனுக்கு வைக்கிற பெயர்.

சூடாக்கியின் விசிறி நின்று
திரும்ப ஓடத் தொடங்கும்வரை
யாரும் பகடையைத் தொடவில்லை.
மற்றவர்களுக்கு அது அழகான ஓர் ஓசை.
எனக்கு மட்டும் மொழி தெரியும்.

ஞாயிறு முழுக்க எழுதி எழுதி வெட்டினேன்.
பெயரை வெட்டினேன்.
முதலெழுத்தை மட்டும் விட்டு, அதையும் வெட்டினேன்.
"அங்கே மௌனம் நிலவியது" என்று போட்டுப் பார்த்தேன்;
அது பெயரைவிடக் கூடச் சொன்னது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியும்.
இது ஒரே ஒரு பருக்கை.
ஒரு பானைக்கே பதம் சொல்லிவிடுகிற பருக்கை.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
நால்வரும் கூலி கொடுத்தார்கள். படகு அக்கரை சேர்ந்தது.

(குகதாசன் என்பதும் இப்போது நான் வைத்த பெயர்.
லொறியும் லொறி இல்லை.
குளிர் மட்டும் உள்ளது உள்ளபடி.)

அடுத்த வெள்ளி வாசித்தேன், அந்த வரியை
மற்ற வரிகளின் வேகத்திலேயே.
அவன் பிஸ்தாக் கோது உடைத்துக்கொண்டிருந்தான்.
முடிந்ததும் ஏட்டை இழுத்து
வேறொரு பக்கத்தில் விரல் வைத்தான்.
அந்த மேசையில் எப்போதும் ஆங்கிலம்தான்.
அன்றைக்குத் தமிழில் சொன்னான்:
"சதுப்புநிலச் சண்டையில எனக்கு விழுந்தது பதினாலு.
நீ பன்னிரண்டு எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்."

பேனை வாங்கித் திருத்தினேன்.
பதினாலு.